புளோக்ரான்ஸ் ஆற்றிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்: ஆட்டர் தடத்தை நடந்து முடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் தென்கடற்கரையில், ஸ்டார்ம்ஸ் ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்திலிருந்து மேற்கே நேச்சர்ஸ் வேலி என்னும் சிற்றூர் வரை, ஏறத்தாழ 45 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நடைபாதை செல்கிறது. 1968ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இந்தப் பாதைதான் நாட்டின் மிகப் பழைய அதிகாரபூர்வ நெடுநடைத் தடம். இக்கரையின் ஆறுகளில் வாழும் நகமற்ற நீர்நாயின் பெயரால் இதை ஆட்டர் தடம் என்கிறார்கள். இடப்புறம் இந்தியப் பெருங்கடல் சாய்ந்து கிடக்கும் மணற்பாறை அடுக்குகளில் மோதிக்கொண்டே இருக்கும். வலப்புறம் நூற்றாண்டுகள் பழமையான யெல்லோவுட் மரங்கள் நிற்கும் காடு மலைச்சரிவில் ஏறிச் செல்லும். குறிஞ்சியையும் நெய்தலையும் தனித்தனி நிலங்களாகப் படித்து வளர்ந்த எனக்கு, இரண்டும் இப்படி இடைவெளியின்றி ஒட்டி நிற்பதைப் பார்த்த முதல் நாள் இன்றும் மறக்கவில்லை.

நான் டர்பன் நகரில் இந்திய வம்சாவளியினர் வாழும் சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்தவன். இந்தத் தடத்தை மூன்று முறை நடந்திருக்கிறேன். தென்னாப்பிரிக்கத் தமிழரான நம் சமூகத்தில் கடற்கரை என்றால் குடும்பத்தோடு போய்ச் சோறு கட்டிச் சாப்பிட்டுவிட்டு வரும் இடம். நாள்கணக்கில் நடக்கும் இடமாக அதை நினைப்பவர்கள் குறைவு. அதற்கு ஆர்வமின்மை காரணமில்லை. 1953ஆம் ஆண்டின் தனித்தனி வசதிகள் சட்டம் 1990இல் நீக்கப்படும் வரை இந்த நாட்டின் கடற்கரைகள் இனவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தன, ஆகவே எங்கள் தந்தையர் தலைமுறைக்கு இந்தக் கரை பழக்கமாகவே இல்லை. காவடி எடுத்து வெறுங்காலோடு நடக்கப் பழகிய கால்களுக்கு இந்தத் தடம் எட்டாததல்ல என்று நான் உறுதியாக நம்புவதால்தான் இதை எழுதுகிறேன்.

முதற்படி: நாளைத் தேர்ந்தெடுப்பது

பெரும்பாலானவர்கள் விடுமுறையைப் பார்த்து நாள் குறிக்கிறார்கள். நானும் முதல் முறை அப்படித்தான் செய்தேன், அதனால் துன்பப்பட்டேன். இந்தத் தடத்தில் நாள் குறிக்க வேண்டியது கடலின் ஏற்றவற்றத்தைப் பார்த்துத்தான், ஏனென்றால் நான்காம் நாள் குறுக்கிடும் புளோக்ரான்ஸ் ஆற்றின் முகத்துவாரத்தைக் கடல் வற்றியிருக்கும் போது மட்டுமே பாதுகாப்பாகக் கடக்க முடியும். அன்று காலை புறப்படும் குடிசையிலிருந்து அந்த ஆறு சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. சுமையோடு இந்த நிலத்தில் மணிக்கு இரண்டு, இரண்டரைக் கிலோமீட்டருக்கு மேல் நடக்க முடியாது என்பதால், அங்கே சேர நாலரை முதல் ஐந்து மணி நேரம் பிடிக்கும். ஆகவே வற்று, அதாவது கடல் மிகத் தாழ்ந்திருக்கும் வேளை, நண்பகலை ஒட்டி வரும் ஒரு நாளில் நீங்கள் புளோக்ரான்ஸில் நிற்க வேண்டும். மற்றக் கணக்குகள் அனைத்தும் அந்த ஒரு வேளையிலிருந்து பின்னோக்கி வருபவை.

நம் வீட்டுச் சமையலறைச் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டி இதற்குப் பேருதவி செய்யும். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இந்தக் கரையில் கடல் காலை ஒன்பதரை மணியளவில் வற்றுகிறது. அதன் பிறகு ஒவ்வொரு நாளும் வற்றும் நேரம் சராசரியாக 50 நிமிடம் தள்ளிப் போகிறது. அப்படியென்றால் திருதியையன்று வற்று நண்பகல் பன்னிரண்டை நெருங்கும். அமாவாசையன்றோ பௌர்ணமியன்றோ நடையைத் தொடங்கினால் நான்காம் நாள் திருதியையாக அமையும், நீங்களும் விடிந்து நடந்து சரியான வேளையில் ஆற்றங்கரையில் நிற்பீர்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் உள்ள வேறுபாடு மிகுதி. திருதியைக்கும் அந்த வேகம் ஓரளவு மிஞ்சியிருப்பதால் கடல் நன்றாகவே உள்வாங்கும். மாறாக, அஷ்டமியை ஒட்டிய நாட்களில் வற்று பிற்பகல் மூன்று, நான்கு மணிக்குத் தள்ளிப் போவதோடு, கடல் அதிகம் உள்வாங்குவதும் இல்லை.

பருவத்துக்கேற்ப இக்கணக்கைச் சற்றுத் திருத்த வேண்டும். டிசம்பரில் ஐந்தேகால் மணிக்கே விடிந்துவிடுவதால் திருதியை சரியாக இருக்கும். ஜூனில் ஏழரை மணிக்குத்தான் சூரியன் எழுகிறது, ஐந்தேகாலை ஒட்டி மறைந்துவிடுகிறது. அப்போது புறப்பாட்டை ஒரு நாள் தள்ளி, சதுர்த்தியன்று ஆற்றைக் கடப்பது நல்லது. பௌர்ணமியில் தொடங்கினால் இரவில் குடிசை வாசலில் நிலவொளி கிடைப்பதோடு, விடியுமுன் புறப்படும் நாளில் அது கண்ணுக்கும் துணையாக இருக்கும். எனவே நான் எப்போதும் பௌர்ணமியையே பரிந்துரைப்பேன். ஓர் எச்சரிக்கை: தமிழ்நாட்டில் அச்சான பஞ்சாங்கத்தின் நேரம் நம்முடையதைவிட மூன்றரை மணி முன்னால் இருப்பதால் அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். திதி தோராயமான நாளைக் காட்டும் கருவி மட்டுமே. இறுதி முடிவை, தென்னாப்பிரிக்கக் கடற்படையின் நீரியல் அலுவலகம் வெளியிடும் ஏற்றவற்ற அட்டவணையைப் பார்த்தே எடுக்க வேண்டும்.

மழை இங்கே எல்லா மாதங்களிலும் உண்டு. ஆண்டுக்குச் சுமார் 1200 மில்லிமீட்டர் பெய்கிறது. திமிங்கிலங்களைக் காண விரும்புவோர் ஜூனிலிருந்து நவம்பருக்குள் செல்ல வேண்டும். என் விருப்பம் புரட்டாசி மாதம்: பகலும் இரவும் ஏறக்குறையச் சமமாக இருக்கும், சதர்ன் ரைட் திமிங்கிலங்கள் இன்னும் கரையருகே இருக்கும், ஃபைன்போஸ் புதர்கள் பூத்திருக்கும். விரதம் இருப்பவர்களும் தயங்க வேண்டாம், உணவைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

அனுமதி

தடம் கார்டன் ரூட் தேசியப் பூங்காவுக்குள் அமைந்துள்ளது. 1964இல் உருவாக்கப்பட்ட சிட்சிகாமா தேசியப் பூங்கா 2009இல் அதனோடு இணைக்கப்பட்டது. தென்னாப்பிரிக்கத் தேசியப் பூங்காக்கள் நிறுவனத்தின் வழியாகவே முன்பதிவு செய்ய வேண்டும். ஒரு நாளில் 12 பேர் மட்டுமே தடத்தில் இறங்கலாம் என்பதால் இடங்கள் பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும்; ஆகவே முதலில் திதிகளைக் கணக்கிட்டு மூன்று, நான்கு மாற்று நாட்களைக் கையில் வைத்துக்கொண்டு பதிவுக்குச் செல்லுங்கள். 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை.

உடலைத் தயாரித்தல்

நாளொன்றுக்குச் சராசரி ஒன்பது கிலோமீட்டர் என்று கேட்டதும் எளிதாகத் தோன்றலாம். இங்கே தூரம் ஒரு பொருட்டே அல்ல. பாதை ஒவ்வொரு ஓடை வாயிலும் கடல்மட்டத்துக்கு இறங்கி, உடனே செங்குத்தாக மேட்டு நிலத்துக்கு ஏறுகிறது. இது ஐந்து நாளும் ஓயாமல் நடக்கிறது. எனவே சமதரையில் நடந்து பழகுவதால் பயன் குறைவு. எட்டு வாரங்களாவது, வாரத்துக்கு மூன்று நாள், முதுகில் சுமையோடு மாடிப்படி ஏறி இறங்குங்கள். இறங்குவதற்கே அதிகக் கவனம் கொடுங்கள், ஏனென்றால் முழங்கால் வலி இறக்கத்தில்தான் வருகிறது. டர்பனில் இருப்பவர்களுக்கு ஓரிபி பள்ளத்தாக்கின் பாதைகள் நல்ல பயிற்சி. தெற்கே வந்த பிறகு ஒரு நாள் மிச்சமிருந்தால், பிளெட்டன்பர்க் விரிகுடாவில் உள்ள ராபர்க் தீபகற்பத்தின் 9.2 கிலோமீட்டர் சுற்றை நடந்து பாருங்கள். பாறையில் கை ஊன்றி ஏறுவது, சரியும் மணலில் இறங்குவது, கடற்காற்றில் நிலைகொள்வது எல்லாம் அங்கே ஒரே நாளில் சோதிக்கப்படும். அதை முடித்த மறுநாள் காலை தடையின்றி நடக்க முடிந்தால் நீங்கள் தயார்.

சுமை கட்டுதல்

உடல் எடையில் நான்கில் ஒரு பங்கை முதுகுப்பை தாண்டக் கூடாது. ஐந்தில் ஒரு பங்காக இருந்தால் மிக நன்று. ஒவ்வோர் இரவும் தங்குமிடத்தில் இரண்டு மரக்குடிசைகளும், ஒவ்வொன்றிலும் மெத்தையோடு ஆறு படுக்கைகளும் இருப்பதால் கூடாரம் வேண்டாம். மின்சாரம் கிடையாது, தலைவிளக்கும் உபரி மின்கலங்களும் கட்டாயம். பழகாத புதுப் பூட்ஸ் அணிந்து வராதீர்கள். நனைந்த மணற்பாறையில் பிடிப்பு நன்றாக இருக்கும் அடிப்பாகம் வேண்டும்; ஆற்றைக் கடக்க வேறொரு பழைய காலணியும் தேவை, ஏனென்றால் சிப்பிகள் ஒட்டிய பாறைகள் வெறுங்காலைக் கிழித்துவிடும். முதுகுப்பை முழுவதையும் உள்ளே வைத்துக் கட்டக்கூடிய கனமான நெகிழிப் பை ஆளுக்கொன்றும், குழுவுக்குப் பத்துப் பதினைந்து மீட்டர் கயிறும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பை இருந்தால் முதுகுப்பை ஆற்றில் மிதக்கும். இல்லாவிட்டால் நனைந்து கல்லைப் போல இழுக்கும்.

உணவில் நம் சமையல் இந்த நடைக்கு மிகவும் ஏற்றது என்பதை அனுபவத்தில் கண்டேன். வீட்டில் நாம் விரும்பிச் சமைக்கும் சுகர் பீன்ஸ் என்னும் உலர்ந்த அவரை வேகப் பல மணி நேரம் ஆகும், ஆகவே அதை விட்டுவிடுங்கள். செம்மைசூர்ப் பருப்பு இருபது நிமிடத்தில் வெந்துவிடும். வறுத்து அரைத்த சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, கெட்டியாகக் காய்ச்சிய புளிக்கரைசல், சிறு புட்டியில் நெய், ஒரு வேளைக்கு ஆளுக்கு 80 கிராம் அரிசி என்று கணக்கிட்டால் ஐந்து நாளுக்கும் சுமை குறைவு, புரட்டாசி விரதமும் கெடாது. எண்ணெய் தடவிச் சுட்ட ரொட்டி இரண்டு நாள் தாங்கும். முறுக்கும் கடலைமிட்டாயும் நடையின் நடுவே கைகொடுக்கும். தங்குமிடத்தில் பிராய் எனப்படும் திறந்தவெளி விறகடுப்பு உண்டு, ஆனால் மழைநாளில் ஈர விறகை நம்பாமல் சிறு எரிவாயு அடுப்பு ஒன்றையும் கொண்டு செல்லுங்கள். பபூன்களும் வெர்வெட் குரங்குகளும் திறந்த பையைக் கண்டால் விடாது. உணவைக் குடிசைக்குள் வைத்துக் கதவைத் தாழிடுங்கள்.

ஓடைத் தண்ணீர் தேயிலைச் சாயம் போலப் பழுப்பாக இருப்பதைப் பார்த்து அஞ்ச வேண்டாம். ஃபைன்போஸ் செடிகளின் தழையிலிருந்து கரையும் டேனின்தான் அந்த நிறத்துக்குக் காரணம். இருப்பினும் கொதிக்க வைத்தோ வடிகட்டியோ குடிப்பதே முறை.

சென்று சேர்தல்

டர்பனிலிருந்து சாலைவழி 1000 கிலோமீட்டருக்கு மேல் ஆகும் என்பதால், முன்பு போர்ட் எலிசபெத் எனப்பட்ட கெபேகாவுக்கு விமானத்தில் சென்று, அங்கிருந்து இரண்டு மணி நேரம் காரில் வருவது எளிது. அந்நகரில் இந்திய வம்சாவளியினர் வாழும் மலபார் பகுதியில் உறவினர் வீடு இருந்தால் ஓர் இரவு தங்கி, பொருள்களைச் சரிபார்த்துவிட்டு வரலாம். தடம் தொடங்கும் இடமும் முடியும் இடமும் வேறு வேறு. நடையை முடித்த களைப்பில் வண்டி தேடி அலையாமலிருக்க, முதலிலேயே ஒரு காரை நேச்சர்ஸ் வேலியில் உள்ள டி வாஸ்லோ முகாமில் விட்டுவிட்டு வாருங்கள்.

நடை: முதல் மூன்று நாட்கள்

முதல் நாள் 4.8 கிலோமீட்டர். தொடக்கம் முழுவதும் கரையோரக் கற்பாறைகளின் மேல் தாவியும் ஊர்ந்தும் செல்ல வேண்டும். சுமார் மூன்றாவது கிலோமீட்டரில் கடலுக்கு மிக அருகிலேயே ஓர் அருவி ஆழ்ந்த குளத்தில் விழுகிறது. அனுமதி இல்லாதவர்களும் இதுவரை வந்து திரும்பலாம், எனவே பெற்றோரையோ பிள்ளைகளையோ அழைத்து வருபவர்களுக்கு இதுவே முழுமையான ஒரு நாள் நடை. கனமழைக்குப் பின் அருவியின் கீழ் கடப்பது ஆபத்து. அதைத் தாண்டி ஏறி இறங்கினால் இங்குபு குடிசைகள்.

இரண்டாம் நாள் 7.9 கிலோமீட்டர், காலையிலேயே காட்டுக்குள் செங்குத்தான ஏற்றம். இந்தக் காட்டை அவசரப்பட்டுக் கடக்காதீர்கள். யெல்லோவுட்டின் உயரமும், கிளைகளில் தொங்கும் பழுத்த சாம்பல் பாசியும், இலைகளுக்கிடையே சிவப்புச் சிறகை விரித்துப் பாயும் நைஸ்னா டுராகோ பறவையும் நின்று பார்க்க வேண்டியவை. ஸ்டிங்க்வுட் என்னும் மரமும் இங்கே உண்டு. வெட்டிய புதிதில் நாறுவதால் அந்தப் பெயர், ஆனால் அது நம் கறுவாவுக்கும் கற்பூர மரத்துக்கும் ஒரே குடும்பம் என்பதை அறிந்த பிறகு அதை உறவினரைப் போலத்தான் பார்க்கிறேன். மரத்தச்சர்களின் ஆசையால் இம்மரங்கள் பெருமளவு வெட்டப்பட்டுவிட்டன, எஞ்சியவை இப்போது பாதுகாக்கப்படுகின்றன. ஸ்கில்டர்கிரான்ஸ் என்ற பாறை முனையில் நின்றால் கரை முழுவதும் தெரியும். புளூபாய் என்னும் சிறு மணற்கரைக்குக் கிளைப்பாதையில் இறங்கும்போது சுமையை மேலேயே வைத்துவிட்டுச் செல்லுங்கள். இரவு ஸ்காட் குடிசைகளில்.

மூன்றாம் நாள் 7.7 கிலோமீட்டர். எலாண்ட்ஸ்போஸ், லாட்டரிங் என்று இரண்டு ஆறுகளைக் கடக்க வேண்டும். லாட்டரிங் ஓக்ஹர்ஸ்ட் குடிசைகளுக்குச் சற்று முன்னால் வருகிறது. நாளைய பெரிய கடப்புக்கு இவற்றையே ஒத்திகையாக எடுத்துக்கொண்டு, பைகளைக் கட்டுவது, கயிற்றைக் கையாள்வது, யார் முன்னே யார் பின்னே என்பது எல்லாவற்றையும் இங்கேயே பழகிப் பாருங்கள். அன்று சீக்கிரம் உறங்குங்கள்.

நான்காம் நாள்

மொத்தம் 13.8 கிலோமீட்டர். வற்றும் நேரத்துக்கு ஆறு மணி நேரம் முன்னதாகப் புறப்படும் வேளையைக் குறியுங்கள். ஐந்து மணி நடைக்கு, ஒரு மணி காத்திருப்புக்கு. ஆற்றங்கரையில் ஒரு மணி முன்னதாக நின்று, நீர் இறங்குவதையும் அலைகள் எங்கே உடைகின்றன என்பதையும் பார்த்துப் புரிந்துகொள்வது வீணல்ல.

முதல் முறை நாங்கள் ஒன்றரை மணி நேரம் தாமதமாகச் சேர்ந்தோம். கடல் ஏறத் தொடங்கியிருந்தது. முந்தைய மூன்று நாளும் எல்லாம் நன்றாக நடந்ததால் வந்த துணிச்சலில் இறங்கிவிட்டோம். நடு ஆற்றில் தோளளவு நீரில் ஓர் அலை உள்ளே வந்தபோது, இடுப்புவாரை அவிழ்க்காமல் இறங்கியிருந்த என் தங்கையின் கால் தரையை விட்டது. பக்கத்தில் இருந்த மாமா மகன் பையோடு சேர்த்து அவளை இழுத்துக் கரையேற்றினான். உடைமைகள் நனைந்ததும் உணவு கெட்டதும் பெரிதல்ல. கரையேறிய பிறகும் அவள் கை என் கையை விடாமல் நடுங்கிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்துதான் நான் இந்த ஆற்றிலிருந்து பின்னோக்கி எண்ணத் தொடங்கினேன்.

செய்ய வேண்டியது இது. பூட்ஸைக் கழற்றிப் பைக்குள் வைத்துப் பழைய காலணியை அணியுங்கள். முதுகுப்பையை நெகிழிப் பைக்குள் வைத்து, காற்றோடு சேர்த்து வாயை முறுக்கிக் கட்டுங்கள். நீர் முழங்கால் அளவே இருந்து பையை முதுகில் சுமந்து கடப்பதானால், இடுப்புவாரையும் மார்புவாரையும் கட்டாயம் அவிழ்த்துவிடுங்கள், விழுந்தால் பையை உதறிவிட இயல வேண்டும். நீரோட்டத்தைப் பார்த்தபடி பக்கவாட்டில் காலை நகர்த்துங்கள். நன்றாக நீந்தத் தெரிந்தவர் முதலில் சென்று கயிற்றை மறுகரையில் பிடிக்க, அதன் உதவியால் மிதக்கும் பைகளை இழுத்துக்கொள்ளலாம். ஆனால் எவர் உடலிலும் கயிற்றைக் கட்டக் கூடாது, நீர் இழுக்கும்போது அதுவே மூழ்கடித்துவிடும். நீந்தத் தெரியாதவர் இருவருக்கு நடுவில் வரட்டும்.

மலைப்பகுதியில் மழை பெய்து ஆறு கலங்கி ஓடினாலோ, அலைகள் முகத்துவாரத்துக்குள் உடைந்து வந்தாலோ, வற்றும் நேரம் கடந்துவிட்டாலோ, இறங்காதீர்கள். ஆற்றின் இந்தப் பக்கத்திலேயே மேட்டு நிலத்துக்கு ஏறிச் செல்லும் தப்புவழி அறிவிப்புப் பலகையோடு இருக்கிறது. மேலே ஏறினால் தொலைபேசி அலை கிடைக்க வாய்ப்பு அதிகம். பூங்கா அலுவலகத்தின் எண்ணை முன்பே பதிந்து வைத்திருங்கள், உயிராபத்து என்றால் 112. தப்புவழியில் வெளியேறுவதைத் தோல்வியாகக் கருதும் நண்பர் குழுவில் இருந்தால், புறப்படும் முன்பே அவரிடம் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். ஆற்றங்கரையில் அந்த விவாதத்துக்கு நேரம் இருக்காது.

கடந்த பிறகும் ஆண்ட்ரே குடிசைகளுக்கு ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் மிச்சம் இருக்கிறது. ஈர உடையை மாற்றி, ஏதாவது தின்றுவிட்டே தொடருங்கள்.

பாதையில் கவனிக்க வேண்டியவை

பஃப் ஆடர் என்னும் விரியன் வெயில் காய நடைபாதையிலேயே படுத்திருக்கும். ஆள் வரும் அதிர்வைக் கேட்டும் நகராது, அதனால் காலடி வைக்கும் இடத்தைப் பார்த்து நடக்க வேண்டும். புதர்வெளியில் உண்ணிகள் உண்டு. மாலையில் உடலைச் சோதித்துக்கொள்ளுங்கள். இது பாதுகாக்கப்பட்ட கடற்பகுதி: மீன் பிடிப்பதும் சிப்பி எடுப்பதும் குற்றம். குப்பை அனைத்தையும், சமையலில் எஞ்சிய கறிவேப்பிலைக் காம்பு வரை, திரும்ப எடுத்து வாருங்கள். வழிபாட்டுக்காகக் கற்பூரம் கொண்டு வருபவர்கள், உலர்ந்த ஃபைன்போஸ் எளிதில் தீப்பற்றும் என்பதால், அதைப் பிராய் அடுப்புக்குள் மட்டும் ஏற்ற வேண்டும்.

நீர்நாயைக் காண்பது அரிது. அதிகாலையில் ஓடை வாயில் அசையாமல் உட்கார்ந்திருந்தால் வாய்ப்பு உண்டு. எனக்கு மூன்று நடைகளில் ஒரே ஒரு முறை, ஓக்ஹர்ஸ்ட் அருகே, ஒரு நண்டைக் கையில் பிடித்துத் தின்றபடி தெரிந்தது.

ஐந்தாம் நாள்

ஆண்ட்ரே குடிசைகளுக்குப் பின்னால் உடனே தொடங்கும் ஏற்றம் இந்தத் தடத்தின் கடைசிப் பெரிய ஏற்றம். அதன் பிறகு பாதை ஃபைன்போஸ் மேட்டின் மேல் கடலைப் பார்த்தபடியே செல்லும். நிழல் இல்லாததால் தண்ணீரைக் காலையிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். ஒரு முனையில் திரும்பியதும் கீழே குரூட் ஆற்றின் காயலும் நேச்சர்ஸ் வேலியின் நீண்ட மணற்கரையும் ஒன்றாகத் தெரியும். இறங்கி, பூட்ஸைக் கழற்றிவிட்டு, அந்த மணலில் வெறுங்காலோடு நடந்து காயலின் ஓரமாக முகாமை அடையலாம். கடைசி முறை அங்கே என் தங்கையும் எங்களோடு இருந்தாள். புளோக்ரான்ஸில் அன்று காலை நீர் அவள் முழங்காலைத்தான் தொட்டது.